ஜெபம் வரவில்லை என்பவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

மாத்திரையை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரான என்னிடம் இந்த லெந்து (தவக்கால) நாட்களில் மட்டும் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஞாயிறு பள்ளியில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மனச்சோர்வுக்கு ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டு, தூக்கமும் பசியும் திரும்பி, வீட்டு வேலைகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தவரை, மூன்று நாள் உபவாசக் கூட்டம் ஒன்றில் மேடையேற்றி, விடுதலை பெற்றதாகச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார்கள். மாத்திரை அட்டைகளை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். ஆறாவது வாரம் கணவரும் மகளும் இருபுறமும் பிடித்து என் அறைக்குக் கூட்டிவந்தபோது ஐந்து கிலோ குறைந்திருந்தார். "கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டார் டாக்டர், ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது" என்றார். சாட்சி சொன்ன பிறகு மறுபடி சோர்வு வந்ததே தம் அவிசுவாசத்துக்கு அத்தாட்சி என்று அவர் உறுதியாக நம்பியதால், இந்த முறை முன்பைவிட மோசமாகியிருந்தார்.

நானும் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவன்தான். ஜெபத்துக்கு எதிராக எழுத உட்காரவில்லை. விசுவாசம் சரியாக இருந்தால் மனச்சோர்வு வராது, வந்தால் எங்கோ பாவமோ பின்மாற்றமோ இருக்கிறது என்கிற ஒரே ஒரு எண்ணத்துக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். இதே ஆட்கள் சர்க்கரை நோய் வந்தவரிடம் இன்சுலினை நிறுத்தி விசுவாசத்தை நிரூபிக்கச் சொல்வதில்லை. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவருக்கு ஜெபம்பண்ணி வழியனுப்புகிறார்கள். மனம் என்று வந்தவுடன் மட்டும், அது ஆத்துமாவின் வேறு பெயர் என்றும் அங்கே மருத்துவருக்கு வேலையில்லை என்றும் எப்படியோ முடிவு செய்துவிடுகிறார்கள். பவுல் தம் கூட்டாளியான லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று எழுதியதும், தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னதும், துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவந்ததும் அதே வேதபுத்தகத்தில்தான் இருக்கின்றன. அவர்களில் ஒருவரையும் அவர் அவிசுவாசி என்று எழுதவில்லை.

தேவனுடைய அன்பு என்பது வேறு, அந்த அன்பை நாம் உணர்வது என்பது வேறு. இதை நான் ஒரு நாளில் நான்கு பேருக்காவது சொல்கிறேன்; இன்னொரு தடவை சொல்வதில் எனக்குச் சலிப்பில்லை. மனச்சோர்வின் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று, முன்பு இன்பம் தந்த எதுவும் இன்பம் தராமல் போவது. அந்த ஆசிரியையிடம் ஜெபத்தைப் பற்றி நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். மகள் வைக்கும் மீன்குழம்பு வாயில் மண்ணாக இருக்கிறது என்றார். பேரப்பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். மடியில் போட்டாலும் மனதில் ஒன்றும் அசைவதில்லை என்று சொல்லி, அதைச் சொன்னதற்காகவே தலைகுனிந்தார். குழம்பு கெட்டுப்போகவில்லை, பேரனும் பாட்டியை வெறுத்துவிடவில்லை. சுவையையும் பாசத்தையும் வாங்கிக்கொள்ளும் மூளைதான் நோயில் கிடக்கிறது. ஜெபத்தில் வரும் ஆறுதலையும் அவர் அதே மூளையைக் கொண்டுதான் உணர வேண்டும். ஆகவே ஜெபத்தில் உருக்கம் வரவில்லை என்பதை வைத்து, கர்த்தர் அவரை விட்டு விலகிவிட்டார் என்று எந்த ஊழியக்காரரும் கணக்குப்போட முடியாது. ஆவிக்குரிய வளர்ச்சியைக் கண்ணீராலும் உருக்கத்தாலும் அளந்து பழகிய சபைகளில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கிறது.

வேதத்தில் வரும் தீர்க்கதரிசி எலியாவைப் பற்றிப் பிரசங்கம் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். ஆனால் பெரும்பாலும் கர்மேல் பர்வதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பாகாலின் தீர்க்கதரிசிகள் நானூற்றைம்பது பேருக்கு எதிரே தனியாக நின்று வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய அதே மனிதர், அடுத்த அதிகாரத்தில் ஒரு பெண்ணின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். இதை ஒருவர் என் அறையில் சொன்னால், தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளை உடனே தொடங்கிவிடுவேன். அங்கே தேவன் கேள்வியே கேட்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தூங்குகிறவரைத் தூதன் தட்டி எழுப்புகிறான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன, சாப்பிட்டவர் திரும்பவும் படுத்துக்கொள்கிறார், அதற்கும் ஒன்றும் சொல்லாமல் தூதன் இரண்டாம் முறை வந்து, பிரயாணம் வெகுதூரம் என்று மறுபடி சாப்பிடச் சொல்கிறான். நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்கிற கேள்வி வருகிறது. தூக்கமும் சாப்பாடும் முதலில், பேச்சு பிறகு என்கிற இந்த வரிசையைத்தான் எங்கள் வார்டிலும் கடைப்பிடிக்கிறோம். நம் ஊர்க் கூட்டங்களிலோ சாப்பிடாதவரை உபவாசத்திலும், தூங்காதவரை முழு இரவு ஜெபத்திலும் உட்காரவைக்கிறார்கள்.

கெத்செமனேயில் தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சீஷரிடம் சொன்ன இயேசு, அதை ஒளிக்கவில்லை. அவர்களைத் தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. கிடைத்த பதில் கிருபை போதும் என்பதுதான். லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த ஸ்பர்ஜன், 1856 அக்டோபரில் அவருடைய கூட்டத்தில் தீ என்று எழுந்த பொய்யான கூச்சலால் நெரிசலில் ஏழு பேர் இறந்தபின் நொறுங்கிப்போனார். மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் வந்து வந்து போனது, அதைத் தம் மாணவர்களிடம் அவர் மறைக்கவும் இல்லை.

இன்னொரு கூட்டத்தாரையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இவர்கள் மருத்துவரிடம் மிகத் தாமதமாக வருகிறார்கள். பரிசுத்த ஆவியானவரைத் தூஷிக்கும் வார்த்தைகள் தங்கள் விருப்பமில்லாமலே மனதில் ஓடிக்கொண்டிருப்பதால், மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டோம் என்று நடுங்கி, ஒரே பாவமன்னிப்பு ஜெபத்தை நாளைக்கு ஐம்பது தடவை சொல்லும் இளைஞர்கள் இவர்கள். இது எண்ணச்சுழற்சி நோயின் ஒரு வகை. சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். அந்த எண்ணம் வந்ததற்காக இப்படித் துடிக்கிறவர் அதை மனமார விரும்பவில்லை என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிகிறது, அவருக்கு மட்டும் தெரிவதில்லை. இவருக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால், எனக்கு ஆறு மாத வேலை கூடிவிடுகிறது.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தும் காலம் வந்தால் நாங்களே படிப்படியாகக் குறைப்போம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் இருக்கவே கூடாது, இரத்தத்தில் அதன் அளவு ஏறினால் உயிருக்கே ஆபத்து. முதல் தடவை சோர்வோடு வருகிறவர்கள் தைராய்டையும் இரத்தச்சோகையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பாவம் என்று தேடிக்கொண்டிருந்தது சிலருக்குத் தைராய்டாக இருந்திருக்கிறது. சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் வசனம் சொல்லி வாயை அடைக்காமல், தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இரவானால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

சபைப் போதகர்களான ஐயர்மாரிடமும் ஊழியக்காரரிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்களிடம்தான் மக்கள் முதலில் வருகிறார்கள். நீங்கள் சொன்னால் மாத்திரையும் சாப்பிடுவார்கள். ஜெபம்பண்ணுங்கள், ஜெபித்த கையோடு மாத்திரை சாப்பிட்டாயா என்றும் கேளுங்கள். நோய் தணிந்து ஒரு வருடமாவது ஆகும்வரை யாரையும் சாட்சி சொல்ல மேடையேற்றாதீர்கள். அவர் தமக்காக ஜெபிக்க முடியாத நாட்களில் அவருடைய பங்கையும் சேர்த்துச் சபை ஜெபிக்கட்டும். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இயேசுவின்முன் இறக்கிய நான்கு பேர், அவனையே ஏறி வரச் சொல்லவில்லை.

ஆசிரியை போன வாரம் மறுபடி வந்தார். மாத்திரை தொடங்கி இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. ஜெபம் இன்னும் வரவில்லை என்றும், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதாகவும் சொன்னார். எழுந்து போகும்போது கதவருகே நின்று, "நேற்று மகள் வைத்த குழம்பில் உப்புக் கூடிவிட்டது டாக்டர்" என்றார். அதே டோஸை எழுதிக்கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.