பார்க்கிங் சம்மன் வந்ததா? பணம் கட்டுமுன் இதைப் பாருங்கள்

சிங்கப்பூரில் வண்டியைத் தப்பாக நிறுத்தினால் சம்மன், அதாவது அபராத அறிவிப்பு, வரும்: கண்ணாடியில் ஒரு சீட்டு, இல்லாவிட்டால் வீட்டுக்கு ஒரு கடிதம். பார்த்த மறுநிமிடமே ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் பணத்தைக் கட்டித் தலைமுழுகிவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். கட்டிவிட்டால் விவகாரம் அதோடு முடிந்தது. பிறகு "நான் ஆப்பில் காசு கட்டியிருந்தேனே" என்று ஆதாரத்தைக் காட்டிப் பயனில்லை. சந்தேகம் இருந்தால் முதலில் முறையீடு, அது தள்ளுபடியானால் பணம். இந்த வரிசை மாறக்கூடாது.

முறையீட்டை யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பாதிப்பேர் வழுக்குகிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடம் என்றால் வீவக. சாலையோர வெள்ளைக் கட்டங்கள் பல இடங்களில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கையில். மஞ்சள் கோட்டில் நிறுத்தியதற்கு நிலப் போக்குவரத்து ஆணையமோ போக்குவரத்துக் காவல்துறையோ அனுப்பும். சீட்டின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டுமே எழுதுங்கள். தப்பான இடத்துக்கு எழுதினால் "இது எங்கள் பொறுப்பில் இல்லை" என்று பணிவான பதில் ஒன்று வரும். அதற்குள் உங்கள் கெடு ஓடிக்கொண்டிருக்கும். கடைத்தொகுதியிலும் கொண்டோவிலும் சக்கரத்தைப் பூட்டினால் அது தனியார் நிர்வாகத்தின் வேலை, அங்கேதான் பேச வேண்டும்.

"ரெண்டே நிமிஷம்தான்", "எல்லாரும்தான் நிறுத்தியிருந்தாங்க", "லாட்டே கிடைக்கலை" என்பவை அன்றாடம் வருகிற முறையீடுகள். எடுபடாது. எடுபடுவது காகிதம். நிறுத்தக் கட்டணம் கட்டும் பார்க்கிங்.எஸ்ஜி ஆப்பில் அந்த நேரத்துக்கான கட்டண வரலாறு, வண்டி பழுதானதற்கு இழுவை வண்டியின் ரசீது, அவசரச் சிகிச்சைப் பிரிவின் பதிவு, மரக்கிளை மறைத்த அறிவிப்புப் பலகையின் படம். ஆப்பில் வண்டி எண்ணில் ஒரு எழுத்து மாறிப்போனாலும், பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் சம்மன் வரும். காசு கட்டியது உண்மை என்பதைத் கைப்பேசித் திரையின் படத்தோடு (ஸ்கிரீன்ஷாட்) காட்டி, எந்த எழுத்து மாறியது என்று ஒரே வரியில் சொல்லுங்கள். இரண்டாவது முறையீட்டைப் பழைய பதிலையே ஒட்டித் திருப்பிவிடுவார்கள். ஆகவே கையில் உள்ள அத்தனையையும் முதல் தடவையே வையுங்கள். ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வரும்வரை கெடு நிறுத்தி வைக்கப்படுகிறதா என்பதையும் அந்த ஒப்புகையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் அடிக்கடி மாட்டுகிற ஒன்று, விடுமுறை நாள் கணக்கு. வீவக நிறுத்துமிடங்கள் சிலவற்றில் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் காலை 7 முதல் இரவு 10.30 வரை இலவசம். சிலவற்றில்தான், எல்லாவற்றிலும் இல்லை. நுழைவாயில் பலகையில் எழுதியிருந்தால் மட்டுமே நம்புங்கள். தீபாவளி பொது விடுமுறை. தைப்பூசம் அப்படி இல்லை. பால்குடத்துக்கு வந்தவர்கள் "இன்னைக்குத் திருநாள்தானே" என்று நிறுத்திவிட்டுப் போனால் கட்டணமும் ஓடும், சம்மனும் விழும்.

மாதக் கட்டணத்தில் நிறுத்தும் சீசன் பார்க்கிங் வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. சீசன் உங்கள் வண்டி எண்ணோடு கட்டப்பட்டது, உங்களோடு அன்று. வண்டி பட்டறையில் இருக்கும்போது கொடுத்த மாற்று வண்டிக்கும், புதிதாக வாங்கிய வண்டிக்கும் தனியாகச் சொல்லி மாற்ற வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஜைரோவில் பணம் பிடிபடாமல் போனால் மாதக் கடைசியோடு சீசன் செத்துப்போகும். சீசன் இல்லாதவர்கள் கட்டும் குறுகிய நேரக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறுவதைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரியவே வருகிறது. மாத முதல் தேதியில் வங்கிக் கணக்கை ஒரு பார்வை பாருங்கள்.

கோடுகளைப் பற்றிச் சுருக்கமாக: இரட்டை மஞ்சள் கோட்டில் எந்த நேரத்திலும் நிறுத்தக்கூடாது. ஒற்றை வளைநெளிக் கோட்டில் ஆளை ஏற்றி இறக்கலாம். இரட்டை வளைநெளிக் கோட்டில் அதுவும் கூடாது, பாட்டியை இறக்கிவிட்டேன் என்றாலும் கூடாது.

இனி லாரி ஓட்டுகிறவர்கள் விஷயம். அநியாயம் நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

சம்மன் வண்டியின் உரிமையாளர் பெயருக்குத்தான் போகும். யார் ஓட்டினார் என்று போக்குவரத்துக் காவல்துறை கேட்டால், உரிமையாளர் 14 நாளுக்குள் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் யாரோ ஒருவர் அவசரத்தில் ஒரு பெயரைத் தட்டிவிடுகிறார். அன்றைக்கு விடுப்பில் இருந்தவர் பெயராகவும் அது இருக்கும். சில குற்றங்களுக்கு அபராதத்தோடு 3 டிமெரிட் (குற்றப்) புள்ளிகளும் உண்டு. அவை ஓட்டியவர் உரிமத்தில் ஏறும். உரிமம் எடுத்து முதல் ஓராண்டுக்குள் 13 புள்ளி சேர்ந்தால் உரிமமே போய்விடும். பழையவர்களுக்கு 24 மாதத்தில் 24 புள்ளி என்றால் தற்காலிகத் தடை. லாரி ஓட்டுகிறவருக்கு உரிமம் போனால் வேலையும் போனதுதான். ஆகவே சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாகக் காவல்துறையின் இணையச் சேவையில் உங்கள் புள்ளிகளை மாதம் ஒரு முறை நீங்களே பாருங்கள். எந்தத் தேதியில் எந்த வண்டி, எங்கே போனது என்று கைப்பேசியில் குறித்து வைத்தால், தப்பாக ஏறியதை எதிர்க்க அதுவே ஆதாரம்.

"என் புள்ளியை நீ ஏத்துக்கோ, 300 வெள்ளி தர்றேன்" என்று யாராவது கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். யார் ஓட்டினார் என்று பொய்த் தகவல் கொடுப்பது 10,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ தரக்கூடிய குற்றம். காசு கொடுத்தவரோடு வாங்கியவரும் மாட்டுவார்.

அடுத்தது சம்பளப் பிடித்தம். "சம்மன் உன்னால் வந்தது, உன் சம்பளத்தில் கழிக்கிறேன்" என்று முதலாளி ஒருதலையாக முடிவெடுக்க முடியாது. பொருளையோ பணத்தையோ தொலைத்ததற்குப் பிடிப்பதென்றாலே முதலில் விசாரித்து, உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அப்போதும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. சட்டத்தின் பட்டியலில் இல்லாத பிடித்தங்களுக்கு உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வேலைக்குச் சேர்ந்த அன்று நீட்டிய தாள்களோடு தாளாக இந்தச் சம்மதமும் கிடக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம். சம்பளச் சீட்டில் ஒவ்வொரு பிடித்தமும் தனித்தனியாக இருக்க வேண்டும். "அதர்ஸ் 210" என்று மொத்தமாக ஒரு வரி இருந்தால், எது எதற்கு என்று வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள். வாயால் கேட்டால் தடயம் இருக்காது. "அங்கேயே நிறுத்தி இறக்கு" என்று சூப்பர்வைசர் அனுப்பிய குரல் செய்தியை அழிக்காதீர்கள்.

முறைகேடாகப் பிடித்திருந்தால் வேலையிடத் தகராறுகளைக் கவனிக்கும் டேடம் என்ற முத்தரப்பு அமைப்பில் கோரிக்கை வைக்கலாம். வேலையில் இருந்தால் பிடித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

5,000 கிலோவுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு நிறுவனம் வண்டி நிறுத்துமிடச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சான்றிதழில் உள்ள இடம் எங்கோ மூலையில் இருக்கும். இரவில் "விடுதிப் பக்கமே நிறுத்து" என்று சொல்வார்கள். அந்தச் சொல்லையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதமே வரவில்லை என்பது இன்னொரு புலம்பல். வீடு மாறினால் 28 நாளுக்குள் அடையாள அட்டை முகவரியை மாற்ற வேண்டும். இல்லையென்றால் கடிதம் பழைய வீட்டுக் கதவில்தான் தொங்கும். நினைவூட்டலைக் கண்டுகொள்ளாவிட்டால் நீதிமன்ற அழைப்பு. அதற்கும் போகாவிட்டால் கைதாணை. ஊருக்குக் கிளம்புகிற நாளில் சாங்கி விமான நிலையத்தில் அது தெரியவந்தால் டிக்கெட் காசும் போகும். நிலுவை இருந்தால் சாலை வரியைப் புதுப்பிக்கவும் முடியாது.

"சம்மன் நிலுவை, உடனே கட்டுங்கள்" என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தியை அழுத்தாதீர்கள். 2024 ஜூலை முதல் அரசாங்கக் குறுஞ்செய்திகள் ஜிஓவி.எஸ்ஜி என்ற பெயரில் வருகின்றன. சந்தேகம் என்றால் மோசடி உதவி எண் 1799ஐ அழையுங்கள்.

பள்ளி வாசலிலோ புளோக் முனையிலோ யாராவது வண்டியை நிறுத்திப் பிள்ளைகளை மறைக்கிறார்கள் என்றால், அக்கம்பக்கப் புகார்களுக்கான ஒன்சர்விஸ் ஆப்பில் புகார் கொடுங்கள். நிறுத்துமிடப் பாதை வீவகவுக்கு, பொதுச் சாலை போக்குவரத்து ஆணையத்துக்கு, புளோக்கின் கீழ்த்தளமான வெற்றுத்தளம் நகர மன்றத்துக்கு என்று ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதை அவர்களே பிரித்துக்கொள்ளட்டும். வண்டி எண் தெரியும்படி ஒரு படம், புளோக் எண், நேரம், வாரத்தில் எந்தெந்த நாள் என்று போடுங்கள். "தினமும் நடக்குது" என்று மட்டும் எழுதினால் ஆள் வந்து பார்க்கிற நேரத்தில் வண்டி இருக்காது, புகாரை முடித்துவிடுவார்கள்.