கோடுகள் நிறைந்திருந்தும் நெட் ஏன் விட்டு விட்டு வருகிறது?

"பகல் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. இரவு எட்டு மணி ஆனால் போதும், லேப்டாப்பில் நெட் விட்டு விட்டு வருகிறது. வைஃபை குறியில் எல்லாக் கோடும் நிறைந்துதான் இருக்கிறது. இணைப்பு கொடுத்தவர்களைக் கேட்டால் எங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள். யார் சொல்வது உண்மை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். லேப்டாப்பிலிருந்து ரூட்டர் வரை ஒரு பாதை, ரூட்டரிலிருந்து வெளியுலகம் வரை இன்னொரு பாதை. முதல் பாதை காற்றில் போகிறது, இரண்டாவது பெரும்பாலும் கண்ணாடி இழையில் போகிறது. கோளாறு எந்தப் பாதையில் என்று தெரிந்துகொள்ளாமல் ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. விட்டு விட்டு வரும் கோளாறு தானாகவே சரியாகும் இயல்புடையது. அதனால் அணைத்துப் போட்டதால்தான் சரியானது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

பாதையைப் பிரித்துப் பார்ப்பது எளிது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் ரூட்டரின் முகவரி வரும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். கமாண்ட் பிராம்ப்டை இரண்டு ஜன்னல்களில் திறந்து, ஒன்றில் அந்த முகவரிக்கும் மற்றொன்றில் வெளியுலகில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும், பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் 'பிங்' (ping) கட்டளையைக் கொடுங்கள். கட்டளையின் கடைசியில் சிறுகோடு போட்டு 'டி' எழுத்தைச் சேர்த்தால் (ping 8.8.8.8 -t), நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இரவு எட்டு மணிக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைப் பாருங்கள்.

நல்ல நிலையில் ரூட்டரிடமிருந்து 1 முதல் 5 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும். ரூட்டர் ஜன்னலில் திடீரென்று 200, 800 என்று எகிறினாலோ 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தாலோ கோளாறு வீட்டுக்குள், காற்றில் இருக்கிறது. அங்கே சீராக இருந்து 8.8.8.8 ஜன்னல் மட்டும் தடுமாறினால் வெளியே இருக்கிறது. இரண்டும் சீராக இருந்தும் இணையதளம் திறக்கவில்லையா? பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் முதல் சந்தேகம். ரூட்டர் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள்.

வெளிப்பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், உள்ளே வரும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற திறன் அலகில் இருக்கும். மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி பலவீனம் என்று பொருள். வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை இணைப்பில் பொதுவாக மைனஸ் 27 வரை தாங்கும். மைனஸ் 26, 27 என்று ஓரத்திலேயே நின்றால் இழை எங்கோ மடங்கியிருக்கலாம், அல்லது இணைப்பு முனையில் அழுக்குப் படிந்திருக்கலாம். அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். 'நெட் சரியில்லை' என்ற புகாரைவிட அதற்கு மதிப்பு அதிகம். அதே பக்கத்தில் 'அப்டைம்' என்ற வரியையும் பாருங்கள். நேற்று முதல் ஓடவேண்டிய பெட்டி 40 நிமிடமாகத்தான் ஓடுகிறது என்று காட்டினால் அது தானாக அணைந்து எழுகிறது. 12 வோல்ட் அடாப்டருக்குள் இருக்கும் மின்தேக்கி தளர்ந்தால் இப்படி நடக்கும். இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கணநேர இடைவெளியும் இதைச் செய்யும். இன்னொன்று, வீட்டில் யாருடைய கைப்பேசியாவது நூற்றுக்கணக்கான படங்களை மேகக் கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் மேலேற்றும் பாதையில் வரிசை நீண்டுவிடும். அப்போது ரூட்டர் ஜன்னல் சீராக இருக்கும், 8.8.8.8 மட்டும் 500 மில்லிநொடிக்குப் போகும். ஏற்றுவதை நிறுத்தியதும் இறங்கினால் காரணம் அதுதான்.

ஆனால் கேள்வியில் இருக்கும் அறிகுறிகள், அதாவது இரவில் மட்டும், கோடுகள் நிறைந்தும், விட்டு விட்டும் என்பவை, காற்றைத்தான் சுட்டுகின்றன. அங்கே நடப்பது மிக அழகான ஒரு விஷயம்.

வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். உரிமம் தேவையில்லாத பட்டை. உங்கள் ரூட்டர், மேல்வீட்டு ரூட்டர், எதிர்வீட்டுத் தொலைக்காட்சி, புளூடூத் ஹெட்ஃபோன் எல்லாம் அதில்தான். யார் எப்போது பேசலாம் என்று சொல்ல ஒரு தலைவர் கிடையாது. இருட்டறையில் முகம் தெரியாத இருபது பேர், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசவேண்டும் என்று தங்களுக்குள் ஒழுங்கு வைத்துக்கொள்வது போன்ற நிலை.

இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. பேசிக்கொண்டிருக்கும் கருவிக்குக் காது கேட்காது. அது அனுப்பும் அலையின் திறன் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து வந்து சேரும் அலை மைனஸ் 70 டிபிஎம். இரண்டுக்கும் வித்தியாசம் 100 கோடி மடங்கு. தன் குரலின் இந்தப் பேரிரைச்சலுக்கு நடுவில், இன்னொருவரும் அதே நேரத்தில் பேசி இரண்டும் மோதியது அதற்குத் தெரிய வழியே இல்லை. எனவே மோதலைக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, மோதாமல் தவிர்ப்பதற்கான வழியைப் பொறியாளர்கள் வகுத்தார்கள்.

ஒரு கருவி பேச விரும்பினால் முதலில் கேட்கிறது. காற்று குறைந்தது 28 மைக்ரோநொடி அமைதியாக இருக்கவேண்டும். அமைதியானதும் உடனே பாய்ந்துவிடக் கூடாது. காத்திருந்த எல்லோரும் ஒரே கணத்தில் பாய்ந்தால் மோதல் உறுதி. அதனால் ஒவ்வொரு கருவியும் 0 முதல் 15 வரை ஓர் எண்ணைக் குருட்டாம்போக்காகத் தேர்ந்தெடுத்து, 9 மைக்ரோநொடிக்கு ஒன்றாகக் கீழே எண்ணுகிறது. பூஜ்யம் வந்தவர் பேசலாம். நடுவில் வேறொருவர் பேசத் தொடங்கினால் எண்ணுவது அப்படியே நிற்கிறது. அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, புதிய எண் கிடையாது. அதிக நேரம் காத்திருந்தவரிடம் சிறிய எண் மிஞ்சியிருப்பதால் அவர் முறை விரைவில் வந்துவிடுகிறது. யாரும் மேற்பார்வை செய்யாமலே நியாயம் நடக்கிறது!

பேசி முடித்ததும், பெற்றுக்கொண்ட கருவி 10 மைக்ரோநொடி கழித்து 'கிடைத்தது' என்று ஒரு சிறு பதில் அனுப்பவேண்டும். அந்தப் பதில் வராவிட்டால் மோதியிருக்கலாம் என்று அனுப்பிய கருவி எடுத்துக்கொள்கிறது. இப்போது எண்ணின் எல்லை இரட்டிப்பாகிறது: 0 முதல் 31 வரை, பிறகு 63, 127 என்று 1023 வரை. கூட்டம் அதிகமானால் எல்லோரும் தாமாகவே அதிகம் விலகி நிற்கிறார்கள். வழக்கமாக ஏழு முறை தோற்றால் அந்தத் தரவுத் துண்டு கைவிடப்படும்.

மோதினால் தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும் இந்த யோசனையின் வேர் ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழு 1971இல் அலோஹாநெட்டை இயக்கிக் காட்டியது. தீவுகளில் சிதறிக் கிடந்த பயனர்களைப் பல்கலைக்கழகக் கணினியோடு வானொலி வழியே இணைப்பதுதான் அதன் நோக்கம். சில தீவுகளுக்கான அந்த ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பணம் கிடைத்தது. அந்தப் பணத்தின் பலனை இன்று உலகம் முழுக்க அனுபவிக்கிறது. 'இதனால் என்ன பயன்' என்று கேட்டு ஆய்வு நிதியை வெட்டுவது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நம் நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 விழுக்காட்டைக்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை. இது மாறவேண்டும்.

இரவுக்கு வருவோம். எட்டு மணிக்கு அக்கம்பக்கம் எல்லோரும் வீட்டில். பத்துப் பதினைந்து ரூட்டர்களும் அவற்றின் கருவிகளும் ஒரே காற்றில் முறைக்குக் காத்திருக்கின்றன, மோதல் கூடுகிறது. 'கிடைத்தது' பதில் வராததைப் பார்த்த லேப்டாப், அலை பலவீனமாக இருப்பதால்தான் வரவில்லை என்று கணித்து, வேகத்தைக் குறைத்து நிதானமாகப் பேசத் தொடங்குகிறது. 1500 பைட் கொண்ட ஒரு துண்டு 300 எம்பிபிஎஸ் வேகத்தில் 40 மைக்ரோநொடியில் போய்விடும். 6 எம்பிபிஎஸ் வேகத்தில் அதற்கு 2 மில்லிநொடி ஆகும், 50 மடங்கு நேரம். அத்தனை நேரம் காற்றில் இருப்பதால் மோத வாய்ப்பு இன்னும் கூடுகிறது, மற்றவர்களின் காத்திருப்பும் நீள்கிறது. ஒரு கட்டத்தில் துண்டுகள் கைவிடப்படுகின்றன. தொலைந்த துண்டுகளை மறுபடி அனுப்பும் பொறுப்புள்ள, மேலடுக்கில் இருக்கும் டிசிபி விதிமுறை அதைப் பார்த்து ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என்று ஒதுங்கிக் காத்திருக்கக்கூடும். 'விட்டு விட்டு' என்று நாம் உணர்வது அந்த நொடிகளைத்தான்.

கோடுகள் காட்டுவது ரூட்டரின் அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை மட்டுமே. காற்றில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியாது.

முதல் மருந்து 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை. ரூட்டரில் இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் இருந்தால் லேப்டாப் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டிருக்கக்கூடும். பெயரைப் பிரித்து, 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் மட்டும் லேப்டாப்பைச் சேருங்கள். இந்த அலையை 9 அங்குலச் செங்கல் சுவர் நன்றாகவே தடுக்கும். பக்கத்து வீட்டு அலையையும் அதே சுவர் தடுப்பதால் இது பாதி நன்மை. ரூட்டர் அமைப்பில் சேனலை, அதாவது பட்டைக்குள் இருக்கும் எண்ணிட்ட உட்பிரிவை, 36 முதல் 48க்குள் அல்லது 149 முதல் 161க்குள் வையுங்கள். 52 முதல் 144 வரை உள்ளவை ராடாரோடு பங்கிடும் சேனல்கள். அவற்றில் ராடார் போன்ற துடிப்பு எதையாவது கேட்டால் ரூட்டர் 10 நொடிக்குள் இடத்தைக் காலிசெய்யவேண்டும் என்பது விதி. உங்கள் இணைப்பும் அதோடு அறுபடும்.

2.4 கிகாஹெர்ட்ஸையே பயன்படுத்தவேண்டிய நிலை என்றால் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். கைப்பேசியில் வைஃபை அனலைசர் செயலியைப் பார்த்துவிட்டு 'சேனல் 3 காலியாக இருக்கிறது' என்று அங்கே போவது பெரிய தவறு. ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் ஒன்றின் பேச்சை மற்றது புரிந்துகொள்ளும். மைனஸ் 82 டிபிஎம் அளவுக்கு மெல்லியதாகக் கேட்டாலும் விலகி வழிவிடும். பாதி மேற்பொருந்தும் சேனலிலிருந்து வருவது புரியாத இரைச்சல். அது மைனஸ் 62 டிபிஎம், அதாவது 100 மடங்கு வலுவாக இருந்தால்தான் வழிவிடும். அதுவரை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பேசிக்கொண்டே இருக்கும்.

வைஃபை அல்லாத எதிரிகளும் உண்டு. யுஎஸ்பி 3.0 கம்பியில் ஓடும் 5 ஜிபிபிஎஸ் தரவு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கசியவிடுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து வெளியிட்டது. லேப்டாப்பின் ஆன்டெனா திரையின் விளிம்பிலோ கீல் அருகிலோ இருக்கும். அதை ஒட்டி வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகி நகலெடுக்கும்போது மட்டும் நெட் தடுமாறினால் காரணம் இதுதான். டிஸ்க்கை அரை மீட்டர் தள்ளி வையுங்கள், நல்ல உறையுள்ள கம்பியாக மாற்றுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. பழைய மின்மாற்றி வகை அடுப்பு, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு 20 மில்லிநொடியிலும் பாதி நேரமே அலை வீசும். மீதி 10 மில்லிநொடியில் சிறிய துண்டுகள் தப்பிவிடுகின்றன. அதனால்தான் அடுப்பு ஓடும்போது நெட் முழுதாகச் சாகாமல் திணறுகிறது.

கடைகளில் விற்கும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஒட்டிகளை ரூட்டர் மேல் ஒட்டாதீர்கள். அது உண்மையில் அலையைத் தடுத்தால் உங்கள் இணைப்புதான் போகும். தடுக்காவிட்டால் பணம் வீண். ரூட்டரை வாஸ்து பார்த்து ஈசான மூலையில் வைப்பதும், இரும்பு பீரோவுக்குப் பின்னால் மறைப்பதும் வேண்டாம். வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வைப்பதே சரி.

பேட்டரியில் மட்டும் தடுமாறி, சார்ஜரைச் செருகியதும் சரியாகிறதா? வைஃபை அட்டை மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கி, ரூட்டர் 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை அனுப்பும் அறிவிப்புக்கு மட்டும் விழிக்கிறது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதிக்குப் போய், வைஃபை அட்டையின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது. அங்கே பவர் மோடை உயர்செயல்திறனுக்கு மாற்றிப் பாருங்கள்.

பக்கத்திலேயே இருக்கும் கைப்பேசி அதே பட்டையில் நன்றாக ஓடி, லேப்டாப் மட்டும் திணறினால், ரூட்டருக்கு பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையை மெல்லச் சாய்த்து நிமிர்த்துங்கள். திரையின் கோணத்துக்கு ஏற்ப எண் மாறினால் கீல் வழியே போகும் ஆன்டெனாக் கம்பி நைந்திருக்கலாம். கோணத்தால் மாற்றமில்லை, டிரைவரைப் புதுப்பித்தும் பயனில்லை என்றால் அட்டையை மாற்றலாம். பல லேப்டாப்களில் அது எம்.2 வகையில் 22க்கு 30 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு அட்டை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இன்டெலின் ஏஎக்ஸ்201 போன்ற அட்டைகள் இன்டெல் செயலி உள்ள லேப்டாப்பில் மட்டுமே வேலைசெய்யும். ஏஎம்டி செயலி என்றால் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்குங்கள். பொருத்தும்போது ஆன்டெனாவின் பொத்தான் போன்ற முனையைத் திருகாமல், நேராக மேலிருந்து 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தவேண்டும்.