பளிச்சென்று இருக்கும் கூலன்ட்டை ஏன் மாற்ற வேண்டும்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மோட்டார்ஹோம் (வீடுபோல் தங்கும் வசதியுள்ள வண்டி) ஆண்டின் பெரும்பகுதி நின்றுகொண்டுதான் இருக்கிறது. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், ஊற்றிய நாளில் இருந்த அதே நிறத்தில், கசடு எதுவும் இல்லாமல் தெளிவாக இருக்கிறது. என்ஜினும் அளவுக்கு மீறிச் சூடாவதில்லை. ஆனாலும் முழுவதையும் வடித்துவிட்டு, உள்ளே கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும் என்கிறார்கள். அவசியம்தானா?"

அவசியம்தான். ஆனால் பலரும் நினைப்பதுபோல் குளிர்விக்கும் திறன் குறைந்துவிடுவதால் அல்ல. வெப்பத்தைச் சுமக்கும் வேலையை ஐந்தாண்டுப் பழைய கூலன்ட்டும் புதியதைப் போலவே செய்யும். அது சிறுகச் சிறுக இழப்பது, உலோகத்தைக் காக்கும் திறனை. அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. சூடு காட்டும் முள்ளிலும் தெரியாது.

அடிப்படைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். எரிபொருளில் உள்ள ஆற்றலில் பாதிக்கும் குறைவான பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. மீதி வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் கூலன்ட் வழியாகவும் வெளியேற வேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். சுற்றிலும் ஓடும் திரவம்தான் அந்த உலோகத்தைப் பிழைக்க வைக்கிறது. வெப்பம் சுமப்பதில் தண்ணீருக்கு ஈடான திரவம் அரிது. ஆனால் அது 0 டிகிரியில் உறைந்து என்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும்; 100 டிகிரியில் கொதித்துவிடும். அதனால்தான் எத்திலீன் கிளைக்காலைச் சரிபாதியாகக் கலக்கிறோம். அந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கரைப் போல அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் கொதிநிலை 125 டிகிரிக்கும் மேலே போய்விடுகிறது.

என்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது ஒரு மெழுகு உருளை. குறிப்பிட்ட சூட்டில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கிறது. மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். இதைப் பிடுங்கி எறிந்துவிட்டால் என்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. அது மூடநம்பிக்கை என்றே சொல்வேன். பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் என்ஜின் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். சாதாரண ஓட்டத்திலோ என்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் எண்ணெயில் நீர் தங்கும், கரி படியும்.

இனி நான் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். பெரிய மோட்டார்ஹோம்களில், குறிப்பாக என்ஜின் பின்புறம் இருக்கும் கனரக வகைகளில், டீசல் என்ஜின்கள் பலவற்றில் சிலிண்டர்கள் தனியாகக் கழற்றக்கூடிய குழல்களாக, அதாவது லைனர்களாக, இருக்கும். ஈர லைனர் என்பார்கள். அதன் உள்பக்கம் பிஸ்டன் ஓடுகிறது. வெளிப்பக்கத்தைக் கூலன்ட் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் நொடியில் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடின் சாய்வு மாறுகிறது. அப்போது பிஸ்டன் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குத் தள்ளப்பட்டு லைனரை அறைகிறது. லைனர் மிக நுண்ணிய அளவில் வெளியே புடைத்து, உடனே உள்ளே மீள்கிறது.

அந்த மீளும் கணம்தான் விபரீதம். சுவர் சட்டென்று விலகும் வேகத்துக்குத் திரவத்தால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது. விழுந்த அழுத்தத்தில் கூலன்ட் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றுகின்றன. அடுத்த கணம் சுவர் திரும்பி வருகிறது, அழுத்தம் ஏறுகிறது, குமிழ்கள் நொறுங்குகின்றன. இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர். சுவரையொட்டி நொறுங்கும் குமிழ் எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்காது. சுவருக்கு எதிர்ப்பக்கம் உள்ளே குழிந்து, குமிழின் நடுவே ஊடுருவி, ஊசி போன்ற நீர்த்தாரையாக உலோகத்தின் மேல் பாய்கிறது.

பிஸ்டன் அறையும் திசையிலுள்ள பக்கத்தில்தான் சேதம் இருக்கும். கழற்றியெடுத்த லைனரில், மேலிருந்து கீழாக ஒரு பட்டையில், ஊசியால் குத்தியதுபோல் துளைகள் நெருக்கமாக நிற்கும். மற்றப் பக்கங்கள் வழவழவென்று இருக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் நான்கு வீச்சு என்ஜினில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 1000 முறை எரிகிறது. மணிக்கு 60,000 முறை. ஒவ்வொரு முறையும் லைனர் அதிர்கிறது. துளை ஒரு நாள் மறுபக்கம் எட்டினால் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும், எண்ணெயில் கலக்கும், என்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

நொறுங்கும் குமிழுக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வருகிறது? 1859ஆம் ஆண்டு பெசன்ட் என்ற கணிதவியலாளர் ஒரு கணக்கை எழுப்பினார்: எல்லையற்றுப் பரந்த திரவத்தின் நடுவே ஓர் உருண்டையான வெற்றிடம் திடீரெனத் தோன்றினால், அது எவ்வாறு நிரம்பும்? அன்றைக்கு அது கணிதம் மட்டுமே. பிற்பாடு கப்பல்களின் உந்துவிசிறிகள் காரணம் புரியாமல் அரிக்கப்பட்டபோது, 1917ஆம் ஆண்டு இயற்பியலாளர் லார்டு ரேலி அதே கணக்கை எடுத்து விரிவாக்கினார். குமிழின் ஆரம் தொடக்கத்தில் இருந்ததில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும்போது, அதையொட்டிய திரவத்தில் அழுத்தம் சுற்றுப்புற அழுத்தத்தைப்போல் சுமார் 1260 மடங்கு ஏறுகிறது என்று கணக்கு காட்டுகிறது. பரந்திருந்த நீரின் ஆற்றல் முழுவதும் ஒரு புள்ளியில் குவிகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் இடங்களில் "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெசன்ட்டின் நினைவு வரும். 1859இல் டீசல் என்ஜின் என்ற ஒன்றே கிடையாது. பயன் தெரிந்த பிறகுதான் கணக்குப் போடுவோம் என்று எல்லோரும் காத்திருந்தால், கணக்கு தேவைப்படும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. அடிப்படை அறிவியலுக்கு நிபந்தனையின்றி ஒரு பங்கு ஒதுக்கத்தான் வேண்டும்.

குமிழ்களை முற்றிலும் நிறுத்த முடியாது. ஆனால் அவை வெறும் உலோகத்தின்மேல் பாயாமல் தடுக்கலாம். அதற்காகத்தான் கனரக டீசல் கூலன்ட்டுகளில் நைட்ரைட் சேர்க்கிறார்கள். சில புதிய வகைகளில் அந்த வேலையைக் கரிம அமில உப்புகள் செய்கின்றன. நைட்ரைட் இரும்பின் மேற்பரப்பில் மிக மெல்லிய, இறுக்கமான ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. குமிழ் அடித்தால் படலம் கிழிகிறது; உலோகம் அரிபடும் முன்பே, அருகிலிருக்கும் நைட்ரைட் அந்த இடத்தில் மீண்டும் படலத்தை வளர்த்துவிடுகிறது. ஓடும் நேரமெல்லாம் கிழிவதும் வளர்வதுமாக இது நடந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நைட்ரைட் செலவாகிறது. கூலன்ட் தெளிவாகவே இருக்கும், நிறம் மாறாது, உறைநிலைச் சோதனையிலும் தேறிவிடும். உள்ளே காவல் தீர்ந்திருக்கும்.

வாசகரின் வண்டி பெரும்பாலும் நிற்கிறதே என்றால், குமிழ் அடிப்பதுதான் நிற்கிறது, வேதிமாற்றம் நிற்பதில்லை. சூட்டிலும் காற்றுப் பட்டும் கிளைக்கால் ஆக்சிஜனேற்றம் அடைந்து கிளைக்காலிக் அமிலமாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. காரத்தன்மையுள்ள திரவம் மெல்ல மெல்ல அமிலத்தின் பக்கம் நகர்கிறது. அலுமினியத்தைக் காக்கும் சிலிக்கேட் கரைசலிலிருந்து பிரிந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் கையேடுகள் தூரத்தோடு ஆண்டுக் கணக்கையும் சேர்த்தே கூறுகின்றன. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் அழுத்தம் குறையும். குமிழ்கள் இன்னும் எளிதாகத் தோன்றும். ஆகவே மூடியையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. சிறிய வேன் அடித்தளத்தில் கட்டிய மோட்டார்ஹோம்களில் பொதுவாக ஈர லைனர் இருக்காது. அவற்றுக்குக் குமிழ்ப் பயம் குறைவு, அமிலப் பயம் உண்டு.

காவல் எவ்வளவு மிச்சம் என்பதைச் சோதனைப் பட்டைகள் காட்டும். ஒரு பட்டையைக் கூலன்ட்டில் நனைத்து, நிற அட்டையோடு ஒப்பிட்டால் நைட்ரைட்டும் கார அளவும் தெரியும். ஒளிவிலகல்மானி கிளைக்காலின் விகிதத்தை மட்டுமே சொல்லும். குறைந்திருக்கிறது என்று தெரியாமலே நைட்ரைட் போன்ற காப்பு மருந்தைக் கூடுதலாக ஊற்றக்கூடாது. மிஞ்சினால் கூழாகப் பிரிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைத்துவிடும். கூலன்ட்டின் நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிப்பதும் தவறு. நிறம் வெறும் சாயம். உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறும்.

கழுவும் வேலைக்கு என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்ட கணத்திலேயே உள்ளிருப்பது கொதித்து முகத்தில் பீறிடும். ரேடியேட்டரின் அடித்திருகை மட்டும் திறந்தால் போதாது, பிளாக்கில் உள்ள வடிதிருகுகளையும் திறக்க வேண்டும். மோட்டார்ஹோமில் கூடுதலாக ஒன்று: பின்னாலுள்ள என்ஜினிலிருந்து ஓட்டுநர் பகுதி வெப்பமூட்டி வரைக்கும், சில வண்டிகளில் வெந்நீர்க் கலன் வரைக்கும் நீண்ட குழாய்கள் போகின்றன. அவற்றில் பழைய கூலன்ட் கணிசமாகத் தங்கும். வெப்பமூட்டியை முழுச் சூட்டில் வைத்து, வால்வுகளையெல்லாம் திறந்துவிட்டால்தான் அங்கும் நீர் ஓடும். வாலை வடிநீரை (டிஸ்டில்டு வாட்டர்) நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டி, ஆறவிட்டு, வடிக்க வேண்டும். வடிவது தெளிவாகும் வரை திரும்பச் செய்யலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, மிகச் சூடான உலோகப் பரப்பிலேயே சுண்ணாம்பாகப் படியும். வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் அந்தப் படிவு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும்.

நிரப்பும்போது பலரும் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு வடித்தாலும் கழுவிய நீரில் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். அதன்மேல் ஏற்கெனவே பாதி நீர் கலந்த கூலன்ட்டை ஊற்றினால் மொத்தமும் நீர்த்துவிடும். கொள்ளளவு 40 லிட்டர் என்றால் முதலில் 20 லிட்டர் செறிவான கூலன்ட்டை ஊற்றி, மிச்ச இடத்தை வாலை வடிநீரால் நிரப்புவதே சரி. காற்றுத்திருகுகளைத் திறந்து காற்றை வெளியேற்றி, ஒருமுறை ஓட்டி ஆறிய பிறகு மட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். என்ஜின் பின்புறம் இருந்தால், ரேடியேட்டரின் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி ஒட்டியிருக்கும். பிசுக்கு நீக்கி தெளித்து அழுத்தம் குறைந்த நீரால், என்ஜின் பக்கத்திலிருந்தும் கழுவலாம். உயர் அழுத்தத் தாரை இதழ்களை மடக்கிவிடும்.

வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், குழந்தைகளும் குடிக்கக்கூடும். உடலில் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக அடைக்கும். சிறிய அளவே உயிரைப் பறிக்கும். மூடியுள்ள கேனில் அடைத்து, பெயர் எழுதி, அபாயக் கழிவு ஏற்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். பழைய கூலன்ட்டில் என்ஜினிலிருந்து கரைந்த உலோகங்களும் இருக்கும்.