எல்லாவற்றிலும் 'மோர்' ஊற்றலாமா?

"இரணைமடு இஸ் மோர் பிக்கர் தன் அக்கராயன்." கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஆங்கிலக் கொப்பி திருத்துகிற எவருக்கும் இந்த வசனம் புதிதல்ல. இரண்டும் கிளிநொச்சிக் குளங்கள். அதில் பிழையில்லை, இரணைமடுதான் பெரிசு. பிழை அந்த 'மோர்' என்ற சொல்லில். சிவப்புப் பேனையால் வெட்டிவிடலாம். ஆனால் அது ஏன் அங்கே வந்து விழுந்தது என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அடுத்த கிழமை 'மோர் ஹெவியர்' என்று திரும்பி வரும்.

தமிழில் இதைச் சொல்லிப் பாருங்கள்: இரணைமடு அக்கராயனைவிடப் பெரிசு. ஒப்பிடுகிற வேலை முழுவதையும் 'விட' செய்கிறது. அது ஒட்டியிருப்பது அக்கராயனில். 'பெரிசு' அசையவே இல்லை. தனியே சொன்னாலும் பெரிசு, ஒப்பிட்டுச் சொன்னாலும் பெரிசு. பழந்தமிழிலும் இப்படித்தான். ஐந்தாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியம் 'இதனின் இற்று இது' என்று பொருள் சொல்கிறது. அதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம் 'காக்கையிற் கரிது களாம்பழம்'. உருபு காக்கையில் ஏறியிருக்கிறது, 'கரிது' தன்பாட்டில் இருக்கிறது.

ஆங்கிலம் இரண்டு இடத்தில் அடையாளம் போடும். 'தன்' என்ற சொல் அக்கராயனுக்கு முன்னால் வரும்; அதோடு 'பிக்' என்ற பெயரடையும் 'பிக்கர்' என்று மாற வேண்டும். 'தன்' என்பது நம்முடைய 'விட'தான் என்று பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பெயரடையை மாற்றுகிற பழக்கம் தமிழில் இல்லாததால் அங்கேதான் தடுமாற்றம். சிலர் மாற்றாமலே விட்டுவிடுவார்கள். வேறு சிலர், 'இந்தக் கிணறு அதைவிடக் கூட ஆழம்' என்று நாம் பேசுகிற 'கூட'வை 'மோர்' ஆக்கி, படித்த 'டீப்பர்' என்பதையும் சேர்த்து இரட்டை அடையாளம் போட்டுவிடுவார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இந்த இரட்டை அடையாளம் சாதாரணமாக வழங்கியதுதான். 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் அதைப் பிழை என்று ஒதுக்கினார்கள்.

சரி, எங்கே 'அர்' ஒலியை ஒட்டுவது, எங்கே 'மோர்' போடுவது? அசையை எண்ண வேண்டும். நம் யாப்பில் வரும் நேரசை, நிரையசை அல்ல. 'கரி' நமக்கு ஒரு நிரையசை, இந்தக் கணக்கில் இரண்டு. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். புறங்கையை நாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லுங்கள். 'டீப்' என்றால் நாடி ஒருதரம் இறங்கும், 'ஹெவி' என்றால் இரண்டுதரம், 'எக்ஸ்பென்சிவ்' என்றால் மூன்றுதரம். ஓரசைச் சொல்லுக்கு 'அர்'. மூன்றும் அதற்கு மேலும் என்றால் 'மோர்'. ஈரசைதான் கரைச்சல்: 'ஹெவி' போல ஈகார ஒலியில் முடிவதற்கும், 'நரோ', 'சிம்பிள்' போன்றவற்றுக்கும் 'அர்' வரும், 'கெயார்புல்', 'மொடர்ன்' போன்றவற்றுக்கு 'மோர்'. 'கொமன்', 'கிளெவர்' போலச் சில இரண்டு பக்கமும் போகும், அவற்றுக்காக மண்டையை உடைக்கத் தேவையில்லை. எண்ணும்போது ஒரு பொறி இருக்கிறது. 'ஸ்ட்ரோங்' ஓரசை. நம் வாய் அதை 'இஸ்ட்ரோங்' ஆக்கினால் ஈரசையாகிவிடும், 'மோர் ஸ்ட்ரோங்' என்று எழுதத் தோன்றும். சரியானது 'ஸ்ட்ரோங்கர்'.

விலக்கும் உண்டு. 'டயர்ட்' சின்னச் சொல்தான், ஆனாலும் 'மோர் டயர்ட்' என்றே வரும். காரணம், அது வினையிலிருந்து பிறந்தது, நம்முடைய 'களைத்த' என்ற பெயரெச்சம் மாதிரி. மறுபக்கம், 'அன்ஹப்பியர்' என்று நான்கு அசையில் ஒரு சொல் நிற்கும். அங்கே எண்ண வேண்டியது 'ஹப்பி' என்ற அடிச்சொல்லைத்தான். முன்னொட்டு கணக்கில் இல்லை.

எழுத்துக்கூட்டலில் 'பிக்கர்' என்பதற்கு இரண்டு 'ஜீ' ஏன், 'டீப்பர்' என்பதற்கு ஒரு 'பீ' மட்டும் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தமிழ் படித்த பிள்ளைக்கு விடை கைவசம் இருக்கிறது: தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். 'கல்' எறிந்தால் கல்லெறி. 'பால்' ஊற்றினால் பாலூற்று. 'பிக்', 'ஹொட்', 'தின்' எல்லாம் 'கல்' கட்சி. 'டீப்' 'பால்' கட்சி. ஒரே வித்தியாசம், தமிழில் ஒலியே இரட்டிக்கிறது, ஆங்கிலத்தில் எழுத்து மட்டும்தான்.

அளவு சேரும்போது வரும் பிழை இதைவிட மோசம், ஏனென்றால் இலக்கணம் சரியாக இருந்து பொருள் கெட்டுவிடும். இரணைமடுவின் முழு நீர்மட்டம் 36 அடி. நேற்று 30 அடியில் நின்ற தண்ணீர் இரவு மழைக்கு 33 அடியாகிவிட்டது என்று வையுங்கள். 'நேற்றையைவிட 3 அடி கூட' என்பதற்கு 'த்ரீ பீட் ஹையர் தன் யெஸ்டர்டே' என்று எழுத வேண்டும். எவ்வளவு வித்தியாசம் என்பது பெயரடைக்கு முன்னால். எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது 'தன்' இற்குப் பின்னால். இடம் மாறி 'ஹையர் தன் த்ரீ பீட்' என்று எழுதினால் தண்ணீர் 3 அடிக்கு மேலே நிற்கிறது என்றுதான் பொருள். வாசிப்பவர் குளம் வற்றிக் கிடக்கிறது என்று நினைப்பார்.

மடங்கிலும் கவனம். வறண்ட சிறுபோகத்தில் ஏக்கருக்கு 10 மூடை, அடுத்த காலபோகத்தில் 30 மூடை. இதை 'த்ரீ டைம்ஸ் அஸ் மெனி' என்றால் ஐயமே இல்லை. 'த்ரீ டைம்ஸ் மோர்' என்றால் ஒருவர் 30 என்பார், இன்னொருவர் பத்தோடு முப்பதைக் கூட்டி 40 என்பார். நூற்றுவீதத்தில் சொல்வதென்றால் இந்த ஏற்றம் 200 வீதம், 300 அல்ல. குறைவைச் சொல்லும்போது மூடைக்கு 'பியூவர்', தண்ணீருக்கு 'லெஸ்'. எண்ணக்கூடியதும் அளக்கக்கூடியதும் என்ற வேறுபாடுதான் அது.

வவுனியாவில் நெல் விலை கிளிநொச்சியைவிடக் கூட என்று தமிழில் சொன்னால் எவரும் குறை சொல்லமாட்டார். ஆங்கிலத்தில் எழுதும்போது விலையை ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். விலையை விலையோடு ஒப்பிட 'தன் தட் இன் கிளிநொச்சி' என்று எழுத வேண்டும். அதேபோல, கொள்ளளவில் இரணைமடு வடமாகாணத்தின் எந்தக் குளத்தையும்விடப் பெரிசு என்பதை 'தன் எனி டாங்க்' என்று எழுதினால், இரணைமடுவும் அந்தக் குளங்களில் ஒன்றாகையால் அது தன்னையே விடப் பெரிதாகிறது. 'எனி அதர்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்பீரியர்' எல்லாம் லத்தீனிலிருந்து வரும்போதே ஒப்பீட்டு வடிவத்தில் வந்தவை. அவற்றுக்கு 'மோர்' வேண்டாம், 'தன்' வேண்டாம், 'டு' போதும்.

கடைசியாக, தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சுலபமாக வர வேண்டியது, ஆனால் அநேகம் பேர் தொடப் பயப்படுவது ஒன்று. கிணறு எவ்வளவுக்கெவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கவ்வளவு கயிறு நீளம்: 'தி டீப்பர் தி வெல், தி லோங்கர் தி ரோப்'. இங்கே 'டீப்பர்', 'லோங்கர்' இரண்டுக்கும் முன்னால் நிற்கிற 'தி' வழக்கமான 'தி' அல்ல. பழைய ஆங்கிலத்தில் 'அவ்வளவால்' என்ற பொருளில் இருந்த ஒரு வேற்றுமை வடிவத்தின் மிச்சம். நம் 'அவ்வளவுக்கு' என்பதில் உருபு நிற்பது மாதிரியே. இரண்டு பக்கமும் 'தி' வர வேண்டும், வினைச்சொல்லை விட்டுவிடலாம், 'வென்' போட்டுத் தொடங்கக் கூடாது. கயிற்றின் விலையைச் சொல்வதென்றால், 'எக்ஸ்பென்சிவ்' மூன்று அசையாகையால், இங்கே மோர் ஊற்றலாம்: 'தி லோங்கர் தி ரோப், தி மோர் எக்ஸ்பென்சிவ் இட் இஸ்'.