நேம்சர்வரில் கை வைக்காதீர்கள்

திங்கட்கிழமை காலை, வேலையை ஆரம்பிக்கும் முன்பே அந்த அழைப்பு வந்துவிட்டது.

"சார், வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து எங்களுக்கு வெளியிலிருந்து ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. நாங்கள் அனுப்பினால் போகிறது. அலுவலகத்துக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிப் பார்த்தோம், அதுவும் வருகிறது. வாடிக்கையாளர்கள் அனுப்புவதுதான் வந்து சேரவில்லை."

"வெள்ளிக்கிழமை புது இணையதளம் போட்டீர்களா?"

"ஆமாம் சார், எப்படித் தெரியும்? ஆனால் தளத்தை மாற்றியதற்கும் மின்னஞ்சலுக்கும் என்ன சம்பந்தம்?"

இரண்டு மாதங்களில் இது நான்காவது அழைப்பு. நிறுவனங்கள் வேறு, வடிவமைப்பாளர்கள் வேறு. தவறு மட்டும் நான்கிலும் ஒன்றே. புதுத் தளத்தைச் செய்தவர், தன் ஹோஸ்டிங் நிறுவனம் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் நிறுவனம்) அனுப்பிய வரவேற்பு மடலில் இருந்த இரண்டு நேம்சர்வர் பெயர்களை எடுத்து, டொமைன் பதிவுக் கணக்கில் பழைய பெயர்களை அழித்துவிட்டு அங்கே போட்டிருக்கிறார். தளம் திறந்தது. வேலை முடிந்தது என்று எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வேறொரு நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் அன்றிரவே வழிமாறிவிட்டது.

அந்த மூன்று நாட்களில் கடிதம் எழுதியவர்களுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? புது ஹோஸ்டிங் சர்வர், "550, அப்படி ஒரு பயனர் இங்கே இல்லை" என்று ஒவ்வொரு கடிதத்தையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்த அலுவலகக் கணக்காளருக்குப் பல வருடங்களாக எழுதிவந்த ஒரு வாடிக்கையாளர், அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றே முடிவு செய்துவிட்டார். 550 என்பது நிரந்தர மறுப்பு. தற்காலிகக் கோளாறு என்றால் அனுப்பும் சர்வர் பொதுவாக நான்கைந்து நாட்கள் விடாமல் முயன்று பார்க்கும். 550 என்று பதில் வந்தால் அப்போதே கைவிட்டுவிடும். ஆகவே பதிவுகளைச் சரிசெய்த பிறகும் அந்த மூன்று நாள் கடிதங்கள் தானாக வந்து சேராது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். யார் யார் எழுதினார்கள் என்று தெரிந்தால்தானே கூப்பிட முடியும்?

தளம் எங்கே இருக்கிறதோ மின்னஞ்சலும் அங்கேதான் இருக்கும், தளத்தை இடம் மாற்றுவதென்றால் டொமைனையே மாற்றித் திருப்பிவிட வேண்டும் என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் வேர். இதை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் நஷ்டப்பட்ட பிறகே விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

டொமைன் என்பது ஒரு பெயர் மட்டும்தான். அந்தப் பெயருக்கு ஒரு பேரேடு உண்டு. தளத்தைத் தேடி வருபவர் எந்த முகவரிக்குப் போக வேண்டும், கடிதம் கொண்டுவருபவர் எந்த வாசலில் இறக்க வேண்டும், இந்தப் பெயரில் கடிதம் அனுப்ப யாருக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொன்றுக்கும் அந்தப் பேரேட்டில் தனித்தனி வரி இருக்கிறது. பேரேட்டை வைத்திருப்பது நேம்சர்வர். பெயரைப் பதிந்து வைத்திருக்கும் நிறுவனம், பேரேட்டை வைத்திருக்கும் நிறுவனம், தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் நிறுவனம், அஞ்சல் பெட்டிகளை வைத்திருக்கும் நிறுவனம் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு நிறுவனங்களாக இருக்கலாம். நான்கையும் ஒரே கடையில் ஒரே பில்லில் வாங்கிப் பழகியவர்களுக்கு அவை ஒன்றே போலத் தோன்றுவது இயல்பு. ஆனால் அவை ஒன்றல்ல.

நேம்சர்வரை மாற்றுவது என்றால் பேரேட்டில் ஒரு வரியைத் திருத்துவது என்று பொருளல்ல. பழைய பேரேட்டை மூடிவிட்டு, "இனி வேறொருவர் கையிலிருக்கும் பேரேடே செல்லும்" என்று உலகத்துக்கு அறிவிப்பது அது. அந்தப் புதுப் பேரேட்டில் என்ன இருக்கும்? ஹோஸ்டிங் நிறுவனம் தானாக எழுதிவைத்த நாலைந்து வரிகள் இருக்கும். தளத்துக்கு அவர்கள் முகவரி, மின்னஞ்சலுக்கும் அவர்கள் முகவரி. உங்கள் அஞ்சல் சேவை வேறிடத்தில் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பழைய பேரேட்டிலிருந்து எதுவும் தானாக நகலெடுக்கப்படுவதும் இல்லை.

மின்னஞ்சலுக்குத் தனி வரி என்பது ஏதோ நேற்று வந்த ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். கடிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அந்த வரிக்கு எம்.எக்ஸ். பதிவு என்று பெயர். அதை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. 974 என்ற இணைய விதி ஆவணம் வெளியானது 1986 ஜனவரியில். உலகளாவிய வலை என்ற யோசனையே 1989-இல்தான் முன்வைக்கப்பட்டது. இணையதளம் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே, கடிதம் போகும் இடம் வேறாக இருக்கலாம் என்று யோசித்து வழி செய்து வைத்துவிட்டார்கள். அந்த வழியை நாம் பயன்படுத்தினால் போதும்.

அந்த அலுவலகத்தில் சோதனைக் கடிதங்கள் ஏன் ஒழுங்காகப் போய்வந்தன என்று கேட்பீர்கள். ஒரே அஞ்சல் சேவைக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதும்போது, பெறுபவர் தன் வீட்டிலேயே இருக்கிறார் என்று அந்த சர்வருக்குத் தெரியும். அது வெளியே போய் எம்.எக்ஸ். பதிவைத் தேடுவதில்லை. எனவே உங்களுக்குள் அனுப்பிப் பார்த்துவிட்டு "மின்னஞ்சல் வேலை செய்கிறது" என்று சொல்லாதீர்கள். சம்பந்தமே இல்லாத வெளிக் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். வெளியே அனுப்பியவை போய்க்கொண்டுதான் இருந்தன என்று அவர்கள் நம்பியதும் பாதி உண்மைதான். பேரேடு மாறியபோது, இந்தப் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். வரியும், கடிதத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியான டி.கே.ஐ.எம். வரியும் போய்விட்டன. அவை இல்லாமல் போன கடிதங்களில் பல, பெறுபவர்களின் ஸ்பாம் பெட்டியில் கிடந்தன.

சரி, தளத்தை மட்டும் மாற்ற என்ன செய்ய வேண்டும்? இப்போது பேரேடு எங்கே இருக்கிறதோ அங்கேயே உள்ளே போய், டொமைனின் வெறும் பெயருக்கு (முன்னொட்டு எதுவும் இல்லாதது) உள்ள ஏ பதிவில், அதாவது தளத்தின் முகவரியைச் சொல்லும் வரியில், புது ஹோஸ்டிங்கின் ஐ.பி. முகவரியைப் போடுங்கள். டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. என்ற முன்னொட்டுக்கும் அதையே செய்யுங்கள். ஏஏஏஏ பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது ஐபிவி6 என்ற புதிய வகை ஐ.பி. முகவரிக்கானது. அதை மறந்தால் சிலருக்குப் புதுத் தளமும் சிலருக்குப் பழைய தளமும் தெரியும், காரணம் புரியாமல் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். பெரும்பாலான இடமாற்றங்களுக்கு இவ்வளவே போதும்.

ஆனால் ஏ பதிவைத் தொடும் முன் எம்.எக்ஸ். பதிவு எதைக் காட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள், தயவுசெய்து. பல தளங்கள் ஒரே சர்வரில் இருக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில் பல சமயம் எம்.எக்ஸ். பதிவில் டொமைனின் வெறும் பெயரே இருக்கும். அப்படியானால் ஏ பதிவை மாற்றிய மறுகணமே கடிதங்களும் அதன் பின்னாலேயே போய்விடும். எம்.எக்ஸ். வரியே இல்லாவிட்டாலும் இதே கதிதான்: அப்போது ஏ பதிவின் முகவரிக்கே கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. அஞ்சல் பெட்டிகள் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருக்கப்போகின்றன என்றால், மெயில் என்று ஒரு துணைப்பெயர் உண்டாக்கி, அதன் ஏ பதிவில் பழைய ஐ.பி.யைப் போட்டு, எம்.எக்ஸ். பதிவை அந்தப் பெயருக்குத் திருப்புங்கள். தளத்தை அதன் பிறகு நகர்த்துங்கள். அந்தத் துணைப்பெயரை கிளவுட்ஃபிளேர் என்ற நேம்சர்வர் சேவையில் வைத்திருப்பவர்கள், அந்த வரியின் பக்கத்தில் உள்ள ஆரஞ்சு மேகக் குறியைச் சாம்பல் நிறமாக்கிவிட வேண்டும். ஆரஞ்சு வழியாக இணையதளப் போக்குவரத்துதான் போகும், அஞ்சல் போகாது.

எம்.எக்ஸ். பதிவில் ஐ.பி. முகவரியைப் போடக் கூடாது, பெயரைத்தான் போட வேண்டும். அந்தப் பெயர் சிநேம் பதிவாகவும், அதாவது வேறொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயராகவும், இருக்கக் கூடாது. முன்னுரிமை எண்ணில் சிறியதுதான் முதலில் வரும். 10-க்குப் பிறகே 20. புது அஞ்சல் சேவைக்கு மாறியவர்கள் பழைய சேவையின் எம்.எக்ஸ். வரியை "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவைக்கிறார்கள். விட்டுவைத்தால் சில கடிதங்கள் யாரும் திறக்காத பழைய பெட்டியில் போய் விழும். அழித்துவிடுங்கள். டொமைனின் வெறும் பெயரில் சிநேம் போடச் சொல்லித் தளச் சேவை எதாவது கேட்டால் மறுத்துவிடுங்கள். சிநேம் இருக்கும் இடத்தில் வேறெந்தப் பதிவும் இருக்கக் கூடாது என்பது 1987-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1034 காலத்திலிருந்தே உள்ள விதி. மீறினால் எம்.எக்ஸ். பதிவுக்கு அங்கே இடமில்லை.

இன்னொரு சிக்கலைப் பலர் என்னிடம் ஆச்சரியமாகச் சொல்வார்கள்: எல்லாக் கடிதமும் வருகிறது, தளத்தில் உள்ள தொடர்புப் படிவத்திலிருந்து வருவது மட்டும் வருவதில்லை. டி.என்.எஸ்., அதாவது பேரேட்டு வரிகள், அத்தனையும் சரியாக இருக்கும். குற்றம் ஹோஸ்டிங் சர்வரில். அந்த டொமைனின் அஞ்சலும் தன்னிடம்தான் இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டு, படிவத்திலிருந்து புறப்படும் கடிதத்தைத் தனக்குள்ளேயே எங்கோ போட்டுவிடுகிறது. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனல் பலகத்தில் 'ஈமெயில் ரூட்டிங்' என்ற பக்கத்தைத் திறந்தால் 'லோக்கல்' என்று இருக்கும். அதை 'ரிமோட்' ஆக்குங்கள். ஒரே ஒரு சொடுக்கு. அதற்காக ஒரு நிறுவனம் எட்டு மாத விசாரணைகளை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்.பி.எஃப். பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். தளத்துக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, செய்திமடல் சேவைக்கு ஒன்று என்று மூன்று வரிகளை எழுதிவைத்தால் மூன்றும் செல்லாது. பெறும் சர்வர் அதைப் பிழை என்றே எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே வரிக்குள் 'இன்க்ளூட்' செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போதும் அந்த வரியைப் படிக்கப் பெறும் சர்வர் செய்ய வேண்டிய மொத்த டி.என்.எஸ். தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது. டி.கே.ஐ.எம். வேறு மாதிரி: ஒவ்வொரு சேவைக்கும் தனி செலக்டர் பெயர் (அதன் சாவியை அடையாளம் காட்டும் பெயர்), எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். நீளமான சாவியை ஒட்டும்போது முழுதும் ஏறியதா என்று சரிபாருங்கள். ஒரு துண்டில் 255 எழுத்துகளுக்கு மேல் ஏறாது என்பதால் சில பலகங்கள் சத்தமில்லாமல் மீதியை வெட்டிவிடும். இவ்விரண்டிலும் தோற்ற கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் சேர்த்து இவை வேண்டாத வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநர்களிடமும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். ஒன்றையாவது எதிர்பார்க்கிறது, நாளுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றுமே கட்டாயம்.

"48 மணி நேரம் பொறுங்கள், உலகம் முழுக்கப் பரவ வேண்டும்" என்பார்கள். எதுவும் எங்கும் பரவுவதில்லை. ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும், நொடிக் கணக்கில். அதுவரை பிறர் பழைய விடையை நினைவில் வைத்திருப்பார்கள். 86400 என்றால் ஒரு நாள். மாற்றத்துக்கு முந்தைய நாளே அதை 300 ஆக்கிவிட்டால், மறுநாள் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலோருக்குப் புது முகவரி தெரிந்துவிடும். தவறு நேர்ந்தால் திரும்பி வருவதும் அவ்வளவு வேகம். நேம்சர்வரை மாற்றியவர்களுக்கு இந்த வசதி கிடையாது. டாட் காம் பெயர்களுக்கு நேம்சர்வர் விவரத்தின் டிடிஎல் 172800 நொடிகள், அதாவது இரண்டு நாள். அந்த எண்ணை உங்களால் குறைக்க முடியாது.

நேம்சர்வரை மாற்றியே தீர வேண்டிய சந்தர்ப்பமும் வரும். அப்போது பழைய பேரேட்டின் ஒவ்வொரு வரியையும் முதலில் புதியதில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றுங்கள். வெளியிலிருந்து கேட்டு முழுப் பட்டியலையும் எடுத்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். பெயர் தெரிந்த பதிவைத்தான் கேட்க முடியும், டி.கே.ஐ.எம். செலக்டர் பெயர் நினைவில்லை என்றால் அந்த வரி தொலைந்தது போலத்தான். உள்ளே போய் ஏற்றுமதி செய்யுங்கள், முடியாவிட்டால் திரையைப் படம் பிடித்தாவது வையுங்கள். பேரேட்டு வரிகளுக்குக் கையொப்பமிட்டுப் போலியைத் தடுக்கும் டி.என்.எஸ்.செக் போட்டிருந்தால், பதிவு நிறுவனத்தில் உள்ள அதன் டி.எஸ். பதிவை முன்கூட்டியே நீக்கி, அதன் டிடிஎல் தீரும்வரை காத்திருங்கள். விட்டுவிட்டு மாற்றினால் பலருக்குத் தளமும் திறக்காது, அஞ்சலும் வராது. வெள்ளிக்கிழமை மாலையில் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

திங்கட்கிழமை அழைத்த அந்த அலுவலகத்துக்கு வருகிறேன். செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை: புதுப் பேரேட்டிலேயே எம்.எக்ஸ். முதலான வரிகளைச் சரியாக எழுதினால் போதும். அதற்கான ஹோஸ்டிங் கணக்கு வடிவமைப்பாளர் கையில் இருந்தது, அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. சரி, பதிவு நிறுவனத்தின் கணக்கில் நுழைந்து பழைய நேம்சர்வரையே திரும்பப் போடலாம் என்றால், கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. "மறந்துவிட்டேன்" என்பதை அழுத்தினோம். மீட்புக் கடிதத்தை அனுப்பிவிட்டதாகத் திரை சொன்னது. எந்த முகவரிக்கு? அதே டொமைனில் உள்ள, மூன்று நாளாக எந்தக் கடிதமும் வராத முகவரிக்கு.

அடையாளச் சான்றுகளை அனுப்பிக் கணக்கைத் திரும்பப் பெற இன்னும் இரண்டு நாள் ஆனது. உங்கள் டொமைன் பதிவுக் கணக்கில் எந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். அது அதே டொமைனின் முகவரியாக இருந்தால், வேறு எதையும் தொடும் முன் அதை மாற்றுங்கள்.