தீக்காயத்துக்கு வெண்டிலேட்டர்: முதலில் சிகிச்சை, அப்புறம்தான் காப்பீட்டு அட்டை

மூடிய அறையில் தீப்பிடித்துப் புகையில் சிக்கியவருக்கு, மேலே காயம் கொஞ்சமாகத் தெரிந்தாலும் தொண்டை உள்ளே வெந்திருக்கலாம். குரல் கம்மும், சளியில் கரி வரும், மூக்கு முடி பொசுங்கியிருக்கும். உள்ளே வீக்கம் மணிக்கு மணி ஏறி மூச்சுப்பாதையையே அடைத்துவிடும். அப்புறம் குழாய் நுழைக்க இடமிருக்காது. அதனால்தான் பேசிக்கொண்டிருப்பவருக்கே டாக்டர்கள் முன்கூட்டிக் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைக்கிறார்கள். "நல்லாத்தானே பேசினார், மிஷின் எதுக்கு?" என்று வீட்டார் கையெழுத்துக்குத் தயங்கும் நேரம் ஆபத்தானது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறதே என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. புகையிலிருந்து ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவையும் அது ஆக்ஸிஜன் கணக்கிலேயே சேர்த்துக் காட்டும்.

சரி, செலவுக்கு வருவோம். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காகச் சிகிச்சை நிற்காது. 108 ஆம்புலன்சும் இலவசம்தான். "புகையில் மாட்டினார், குரல் மாறிவிட்டது" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

தனியாருக்குப் போனால்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பெரிதாகக் கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இது மொத்தக் குடும்பத்துக்குமான தொகை, தலைக்கு அல்ல. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்ற போர்டு மட்டும் போதாது. அங்கே தீக்காயப் பிரிவுக்கு அனுமதி உண்டா என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். காப்பீட்டில் எந்தச் சிகிச்சைத் தொகுப்புக்கு (பேக்கேஜ்) ஒப்புதல் வாங்கினார்கள், வெண்டிலேட்டர் நாட்கள் அதில் அடங்குமா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். இதுவரை அட்டை எடுக்காதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். உதவி எண் 1800 425 3993.

தீக்காயம் என்றால் போலீசுக்குத் தகவல் போகும். ஆனால் அதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது, தனியாருக்கும் சேர்த்து. ஆசிட் வீச்சு என்றால் சட்டம் இன்னும் கறாரானது: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-ஆம் பிரிவுப்படி எந்த மருத்துவமனையும் உடனே, இலவசமாகப் பார்க்க வேண்டும். மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.