ஸ்கேன் அறையில் மூச்சை இழுத்து விடச் சொல்லாதீர்கள்

மூளை எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்கு வருபவரை அறை வாசல்வரை கொண்டுவந்து விடும் உறவினர்கள், பெரும்பாலும் ஒரே அறிவுரையைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள்: "பயப்படாதீங்கம்மா, மூச்சை நல்லா இழுத்து இழுத்து விடுங்க." அன்போடு சொல்லப்படும் இந்த வார்த்தை, படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் ரேடியாலஜி மருத்துவரான என்னைச் சில நாட்களில் நன்றாகவே குழப்பியிருக்கிறது.

வலது கை அவ்வப்போது மரத்துப்போவதாகச் சொல்லி ஒரு பெண்மணி வந்திருந்தார். மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்க, ஊசி மருந்து எதுவும் இல்லாமல், கழுத்தில் மேலேறும் ரத்தத்தையே காந்தப்புலத்தால் அடையாளமிட்டு, அது மூளையைச் சென்றடைவதைப் படமெடுக்கும் முறையைப் பயன்படுத்தினோம். மஞ்சளும் சிவப்புமாகத் தெரிய வேண்டிய மூளையின் மேற்பரப்பு, இரு பக்கமும் ஒரே சீராக, ரத்த ஓட்டம் குறைவு என்பதைக் காட்டும் நீலமாக வந்தது. ரத்தக் குழாய் அடைப்பு என்றால் பெரும்பாலும் ஒரு பக்கமோ ஒரு பகுதியோதான் குறையும் என்பதால் எனக்குச் சந்தேகம் எழுந்தது. அவர் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பெல்ட், நிமிடத்துக்கு 28 மூச்சு என்று காட்டியது. ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருந்தாலே போதும். மைக்கில் கேட்டேன். "பிராணாயாமம் பண்றேன் டாக்டர், பொண்ணு பண்ணச் சொன்னா" என்றார். நிறுத்தச் சொல்லி, பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடியும் எடுத்த படத்தில் நிறங்கள் திரும்பியிருந்தன. பிராணாயாமத்தை நான் குறை சொல்லவில்லை; அதைச் செய்த இடம்தான் பொருந்தவில்லை.

வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்டால் மூளைக்கு ஆக்சிஜன் கூடுதலாகப் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நுரையீரல் நலமாக உள்ளவரின் தமனி ரத்தம் ஏற்கெனவே ஏறத்தாழ முழு அளவில் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருப்பதால், அதில் சேர்க்க அதிகமாக ஒன்றுமில்லை. மாறாக, ரத்தத்திலுள்ள கரியமில வாயுதான் மளமளவென்று வெளியேறுகிறது. மூளையின் சிறு தமனிகள் இந்த வாயுவைப் பார்த்தே தங்கள் விட்டத்தைத் தீர்மானிக்கின்றன: அது குறைந்தால் சுருங்கும், கூடினால் விரியும். இயல்பாகச் சுமார் 40 மி.மீ. பாதரசமாக இருக்கும் அதன் அழுத்தம் 30க்கு இறங்கினால், ரத்த ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கெட்டி, ஷ்மிட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1948லேயே இளைஞர்களிடம் அளந்து காட்டிய உறவு இது. படபடப்பில் மூச்சு வாங்குபவருக்குத் தலை கிறுகிறுப்பதும் இதனால்தான். அதே வேளையில் ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருக்குச் சுருக்கென்று குத்துகிறது. இதை "மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை" என்று எடுத்துக்கொண்டு பாதியிலேயே இறங்கிவிடுபவர்களும் உண்டு.

மூச்சை அடக்குவது இதற்கு நேர்மாறு. மூளை அறுவைச் சிகிச்சைக்கு முன், கையை இயக்கும் பகுதி எது என்று கண்டறிய விரல்களை அசைக்கச் சொல்லிப் படமெடுக்கிறோம். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்கும் ஆக்சிஜன் உள்ளதற்கும் காந்தப்புலத்தில் இருக்கும் வேறுபாட்டைக் கொண்டு, ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990இல் முன்வைத்த வழி இது. விரல் அசைவால் கிடைக்கும் சமிக்ஞை மாற்றம் சில சதவீதமே. கவனத்தோடு விரலை அசைக்கும் பலர் தம்மை அறியாமலே மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது மூளை முழுவதும் ரத்தக் குழாய்கள் விரிந்து, நாங்கள் தேடும் சிறு மாற்றத்தை அமுக்கிவிடும்.

இதே தொல்லையைச் சோதனையாகவும் பயன்படுத்துகிறோம். கழுத்துத் தமனி சுருங்கியவர்களிடமும் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் மெல்ல மெல்லச் சுருங்கும் மொயமொயா நோய் உள்ளவர்களிடமும், சொல்லும்போது மட்டும் 15, 20 விநாடி மூச்சை அடக்கச் சொல்லிப் பார்ப்பதுண்டு. ரத்த வரத்துக் குறைவை ஈடுகட்ட ஏற்கெனவே முடிந்தமட்டும் விரிந்துவிட்ட மூளையின் சிறு குழாய்களுக்கு மேலும் விரிய இடமிருக்காது. அந்தப் பகுதி மட்டும் படத்தில் மாற்றம் காட்டாமல் நிற்கும்.

கட்டி, ரத்தக்கசிவு ஆகியவற்றைத் தேடும் வழக்கமான படங்கள் இதனால் மாறிவிடாது என்பதால், சாதாரண ஸ்கேனுக்கு வருபவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன் என்றால் வழக்கம்போல் மூச்சு விட்டாலே போதும். காலையில் காபி குடித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், ஏனெனில் காபியும் மூளைக் குழாய்களைச் சுருக்கும். பயம் மிகுந்தால் கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தை அழுத்துங்கள். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவதில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. எங்கள் டெக்னீஷியன் இப்போதெல்லாம் பெல்ட்டின் கோடு அமைதியாகும்வரை, உள்ளே படுத்திருப்பவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறார்.